வேர்ப்பட்டை என்று வந்த கிளைப்பட்டை

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வில்வ வேர்ப்பட்டைக்குப் பதில் கிளைப்பட்டை அனுப்பியது தொடர்பாக

ஐயா,

உங்களிடம் கேட்டிருந்த 5 கிலோ வில்வ வேர்ப்பட்டை சென்ற வாரம் வந்து சேர்ந்தது. எந்தச் சரக்கையும் முறத்தில் கொட்டிப் பார்த்த பிறகே இடிப்பது எங்கள் வைத்தியசாலை வழக்கம். இந்த முறை அது என்னைக் காப்பாற்றியது.

பல துண்டுகளில் சாம்பல் நிறப் பாசிப் பத்தை ஒட்டியிருந்தது. மேல்தக்கையை நகத்தால் சுரண்டினால் அடியில் மங்கிய பச்சை. தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், "மண்ணுக்கு வெளியே தெரிந்த வேராக இருக்கும், ஐயா" என்றார். கெட்டிக்காரர்தான். வெயில் பட்ட வேரில் பாசி படியலாம், பச்சையும் ஏறலாம். ஆனால் முள்? ஒரு துண்டில் முள் ஒடிந்த தழும்பும் அதற்குச் சற்றுக் கீழே இலை உதிர்ந்த வடுவும் தெளிவாக இருக்கின்றன. வில்வத்தின் முள் இலைக் கக்கத்தில், அதாவது இலை கிளையோடு சேரும் கணுவில் வளர்வது. கணுவே இல்லாத வேருக்கு அது எப்படி வந்தது?

மனம் ஆறாமல் இன்னொரு துண்டை ஊறவைத்து, பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். மரங்களின் இளங்கிளையில் தக்கை பெரும்பாலும் மேல்தோலை ஒட்டியே உருவாகும். அதனால் உள்ளே புறணி, அதாவது மேல்தோலுக்கு அடியில் உள்ள திசு, தங்கிவிடும். வேரில் தக்கை ஆழத்தில், புறணிக்கும் உள்ளே இருக்கும் பெரிசைக்கிள் என்ற அடுக்கிலிருந்து கிளம்புவதால் பழைய புறணி வெளியே தள்ளப்பட்டு உதிர்ந்துபோகும். நீங்கள் அனுப்பிய பட்டையில் புறணி பத்திரமாக இருக்கிறது. வேரில் மாவுச்சத்து கூடுதலாக இருக்குமே என்று, அதை நீலமாகக் காட்டும் அயோடினை வைத்தபோது நீலம் கொஞ்சமாகத்தான் ஏறியது. மாவுச்சத்து பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் அதைச் சாட்சிக்கு இழுக்கவில்லை.

வேரைத் தோண்டினால் மரமே போய்விடும், கிளையை வெட்டினால் துளிர்க்கும் என்பது எனக்கும் தெரியும். கிளைப்பட்டை என்று சீட்டில் எழுதியிருந்தால், வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருப்பேன். நீங்களோ வேருக்கான விலையை வாங்கிக்கொண்டு கிளையைக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

10 நாள்களுக்குள் உங்கள் செலவிலேயே சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். முள் தழும்பு உள்ள துண்டு மட்டும் என்னிடமே இருக்கும். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் தேவைப்படும்.

இப்படிக்கு,
சித்த மருத்துவர் ஒருவர்