திரை பேசினால் போதாது

ஆசிரியருக்கு,

குழந்தைக்கு வீட்டிலேயே அயல்மொழி கற்றுத்தர நினைப்பவர்கள் பலரும் முதலில் ஒரு காணொளியைத்தான் போட்டு விடுகிறோம். எங்கள் வீட்டிலும் மாதக்கணக்கில் பிரெஞ்சுப் பாட்டுகள் ஓடின. மகள் ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்லவில்லை.

குழந்தைகள் மொழி கற்கும் விதத்தை ஆராயும் அமெரிக்க அறிஞர் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு ஒருவர் நேரில் அமர்ந்து, விளையாடியபடி சீனாவின் மாண்டரின் மொழியில் பேசினார். 12 அமர்வுகளிலேயே அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிரித்தறிந்தன. அதையே காணொளியாகவோ ஒலிப்பதிவாகவோ பெற்ற குழந்தைகளிடம் அந்தப் பலன் இல்லை.

அதன்பின் குளிப்பாட்டும்போது மட்டும் பிரெஞ்சில் பேசத் தொடங்கினேன். “கையைக் காட்டு”, “தண்ணீர் சுடுகிறதா?” அவ்வளவுதான். சில வாரங்களில், சொன்னதும் கையை நீட்டினாள்! தவறாகச் சொன்னால் இடைமறிப்பதில்லை. சரியான வடிவத்தை என் பதிலில் சேர்த்துச் சொல்லிவிடுவேன். இரு மொழிகளையும் கலந்து பேசுகிறாளே என்று உறவினர்கள் பதறினார்கள். இரு மொழி கேட்டு வளரும் குழந்தைகளுக்கு அது இயல்புதான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: அயல்மொழிக்காகத் தாய்மொழியைக் குறைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் கதையும் கொஞ்சலும் இன்றும் தமிழில்தான்.

— ஒரு தாய்