காட்டுப் பாதைக்குப் பெரிய ரிம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆஃப்ரோடு வண்டிகளுக்குப் புது டயர், புது வீல் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதுபவர்கள் குறைவு, அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் சொல்லியிருந்த ஒரு யோசனையைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. டயர் தேய்ந்துவிட்டால் அதோடு சேர்த்து ரிம்மையும் 17 இன்ச்சிலிருந்து 20 இன்ச்சுக்கு ஏற்றிவிடுங்கள், வண்டி கம்பீரமாக நிற்கும், கூடவே சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயர் போட்டுவிட்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அதில் இருந்தது. தார் ரோட்டில் மட்டும் ஓடும் வண்டி என்றால் அது அவரவர் விருப்பம். கல், மணல், சேறு என்று உண்மையிலேயே இறங்கி ஓட்டுபவர் இதைக் கேட்டு வாங்கினால் காசும் போகும், வண்டியும் முன்பு போன இடத்துக்குக்கூடப் போகாது.

வீல் வளைவுக்குள் எவ்வளவு பெரிய டயர் அடங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் ரிம் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு ரப்பர் குறையும். 265/70 ஆர் 17 என்ற அளவை எடுத்துக்கொள்வோம், நிறைய வண்டிகளில் கம்பெனியிலிருந்தே வரும் அளவு இது. ஆர் 17 என்பது 17 இன்ச் ரிம்முக்கான ரேடியல் டயர், அகலம் 265 மில்லிமீட்டர், அதில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது சுமார் 185 மி.மீ. மொத்த உயரத்தை மாற்றாமல் 20 இன்ச் ரிம்முக்குப் போனால் 265/55 ஆர் 20 போட வேண்டியிருக்கும், அதில் சுவர் சுமார் 146 மி.மீ.தான். கிட்டத்தட்ட 40 மி.மீ. ரப்பர் போய் அந்த இடத்தில் உலோகம் வந்துவிட்டது. ரோட்டில் வளைவில் திரும்பும்போது வண்டி கொஞ்சம் இறுக்கமாக நிற்கும், சரி. காட்டுப் பாதையில் வேலை செய்வதே அந்த 40 மி.மீ. ரப்பர்தான்.

மணலில் ஒருமுறை இறங்கியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வால்வு ஊசியை அழுத்திப் பிடித்தால் காற்று சீறிக்கொண்டு வரும். காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 25 வரைக்கும் இறங்கும்போது பார்வைக்குப் பெரிய மாற்றம் தெரியாது. இருபதுக்குக் கீழே இறங்கி 18, 16 என்று வரும்போது தரையை ஒட்டிய இடத்தில் சுவர் மெல்லப் பிதுங்க ஆரம்பிக்கும், டயர் தரையில் பதியும் தடம் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் நிறையவும் வளரும். வண்டியின் எடை அந்த நீளத்தில் பரவுவதால்தான் டயர் மணலைத் தோண்டிக்கொண்டு புதையாமல் மேலே ஏறி நகர்கிறது. கல் பாதையிலும் அப்படித்தான், காற்று குறைந்த டயர் கல்லின்மேல் மடிந்து அதைப் பிடித்துக்கொள்ளும், காற்று முறுக்காக இருக்கும் டயர் அதே கல்லில் மோதித் துள்ளும். சுவர் குட்டையாக இருந்தால் இவ்வளவு தூரம் காற்றை இறக்கவே முடியாது. இறக்கினால் கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி அறுந்துவிடும், ரப்பர் தப்பித்தால் ரிம் அடிவாங்கும். பள்ளத்தில் மோதிய ஒரு பெரிய அலாய் வீலைக் கழற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கம் கீறல்கூட இல்லை. உள்விளிம்பில் மயிரிழை அளவு ஒரு விரிசல், சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் அந்தக் கோட்டின் நீளத்துக்கும் குமிழி குமிழியாக வந்தது.

அதனால் நான் சொல்வது நேர் எதிரான யோசனை. பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் மீது இடிக்காமல் உட்காரும் ரிம்களில் எது சிறியதோ அதைப் போடுங்கள். சில மாடல்களில் உயர்ந்த விலை வண்டிக்கு 18 அல்லது 20 இன்ச்சும் அடிப்படை வண்டிக்கு 17-உம் வரும், பிரேக் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் அடிப்படை மாடலின் ஸ்டீல் வீலே காட்டுக்குப் போதும், பல நேரம் அதுதான் நல்லதும்கூட. ஸ்டீல் வீல் கனம் அதிகம், அழகு குறைவு, ஆனால் அடிபட்டால் பெரும்பாலும் வளையும், வளைந்த விளிம்பைத் தட்டி நிமிர்த்தி காற்று நிற்கிற அளவுக்காவது கொண்டுவந்து ஊர் சேரலாம். வார்ப்பு அலாய் அடிபட்டால் விரிசல் விடும், விரிசலை வழியில் ஒன்றும் செய்ய முடியாது. அலாய் கனம் குறைவு என்பதால் சஸ்பென்ஷனுக்கு நல்லது என்பதை மறுக்கவில்லை, தூரப் பயணமும் ரோடும் அதிகம் என்றால் நல்ல அலாய் போடலாம். வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்யும் ஃபோர்ஜ்டு அலாய் வீல் கனமும் குறைவு, உறுதியும் அதிகம், விலைதான் எட்டாது. காற்றை இறக்கிப் பழகுபவர் வண்டியிலேயே ஒரு கம்ப்ரஸரும் நம்பகமான பிரஷர் கேஜும் வைத்திருக்க வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. குறைந்த காற்றோடு ரோட்டில் வேகமாகப் போனால் சுவர் மடிந்து மடிந்து சூடேறிப் பிய்ந்துவிடும், அது உயிர்போகும் விஷயம்.

அடுத்தது மட் டெரெய்ன் டயர். எம்டி என்று சுருக்கிச் சொல்லும் இந்த டயரின் பட்டன்களுக்கு, அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருப்பதற்குக் காரணம் உண்டு, சக்கரம் சுற்றும்போது சேறு அந்த வழியாகத் தெறித்து வெளியேறி அடுத்த சுற்றுக்குப் பட்டன் சுத்தமாக வர வேண்டும். களிமண் சேறு தினப்படி உங்கள் வழியில் இருந்தால் அதை வாங்குங்கள், அதற்கு ஈடு இல்லை. ஆனால் இடைவெளி அதிகம் என்றால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, நுண்ணிய வெட்டுகளும் குறைவு. மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் போட்டால் அந்தக் குறை தெரியும், வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். சத்தம், மைலேஜ், சீக்கிரம் தேய்வது எல்லாம் அப்புறம். வாரம் முழுக்க ரோட்டில் ஓட்டி எப்போதாவது மண் பாதைக்குப் போகிறவருக்கு ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயரே சரி, அதிலும் சுவரில் மூன்று அடுக்கு உள்ளதாகப் பார்த்து வாங்குவது கல் பாதைக்காரருக்கு நல்லது, ஏனென்றால் காட்டில் டயர் சாவது பெரும்பாலும் சுவரில்தான். நடுவில் குத்திய ஆணியை ரப்பர் திரி வைத்து அடைத்துவிடலாம். சுவர் கிழிந்தால் ஸ்டெப்னிதான்.

டயரைப் பெரிதாக்குவது பற்றியும் ஒரு திருத்தம் வேண்டும். டயர் இரண்டு இன்ச் உயர்ந்தால் வண்டியின் அடிவயிறும் இரண்டு இன்ச் உயரும் என்று கட்டுரையில் இருந்தது. உயர்வது பாதிதான், அச்சு டயரின் நடுவில் இருக்கிறது. 265/70 ஆர் 17 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ., 285/70 ஆர் 17 சுமார் 831. வித்தியாசம் 28, தரைக்கும் வண்டிக்கும் நடுவே கிடைப்பது 14 மி.மீ. அந்த 14 மி.மீ.க்காக என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். ஒரு சுற்றில் வண்டி மூன்றரை சதவீதம் கூடுதல் தூரம் போகும், அதனால் கியர் அந்த அளவுக்கு நீண்டுவிடும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், லோ ரேஞ்ச் என்ற மெதுவான கியர் நிலையில் ஊர்ந்து இறங்கும் வேகம் கூடும், பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஒரு சக்கரம் மேட்டில் ஏறி அமுங்கும் நிலையில் டயர் மட்கார்டு லைனரில் உரசும், சமதரையில் நிறுத்திப் பார்த்தால் உரசாத டயர்கூட அங்கே உரசும். இதெல்லாம் தெரிந்துதான் ஒரு படி பெரிதாகப் போடுகிறேன் என்றால் தாராளமாகப் போடலாம், நிறையப் பேர் போட்டு நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நாலு சக்கரமும் ஓடும் வண்டியில் ஒன்று மட்டும் விட்டம் மாறினால், சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி செய்யும் டிஃபரன்ஷியல் இடைவிடாமல் வேலை செய்யும். தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களையும் இணைக்கும் பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவில் முன்னும் பின்னும் விட்டம் மாறினால், கெட்டியான தரையில் இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிப்போகும். ஐந்து டயராக வாங்கி ஐந்தையும் முறை வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் எல்லாம் ஒன்றாகத் தேயும்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் பாரம், எனக்கு அதிக வருத்தம் அதில்தான். டயர் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 115 எஸ், 121 ஆர் என்று ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 115 என்றால் ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும், 121 என்றால் 1,450 கிலோ. எழுத்து வேக வரம்பு, கியூ என்றால் மணிக்கு 160 கி.மீ., ஆர் 170, எஸ் 180. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ வண்டியின் கையேட்டிலோ கம்பெனி சொன்ன எண் இருக்கும், புது டயரின் எண் அதற்குக் கீழே போகவே கூடாது. காட்டுக்குப் போகும் வண்டியில் ரூஃப் கேரியர், தண்ணீர் டேங்க், கூடுதல் பேட்டரி, ஆட்கள் என்று எடை ஏறிக்கொண்டே இருக்கும், அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அதே நேரம் தாங்கும் சக்தி அதிகம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பத்து பிளை (பத்து அடுக்குக்குச் சமமான வலிமை) எல்டி டயரை, அதாவது லைட் டிரக் டயரை வாங்குவதும் சரியில்லை. அது கனமானது, காலி வண்டியில் கல்லாக இடிக்கும், அதே பாரத்தைத் தாங்கப் பழைய டயரைவிடக் கூடுதல் காற்றும் கேட்கும். முழுப் பாரத்தோடு ஓட்டுபவருக்கு அது தேவை, மற்றவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

வீல் வாங்கும்போது போல்ட் ஓட்டை பொருந்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆறு ஓட்டை, 139.7 மி.மீ. பிசிடி (போல்ட் ஓட்டைகளின் நடுப்புள்ளி வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்) என்ற அமைப்பு பல கம்பெனி வண்டிகளில் உண்டு. ஆனால் வீலின் நடு ஓட்டை டொயோட்டாவின் பல வண்டிகளில் 106.1 மி.மீ., மிட்சுபிஷி பஜேரோவின் பிந்தைய மாடல்களில் 67.1 மி.மீ. ஓட்டை பெரிதாக இருந்தால் வீல், அச்சின் முனையில் அதைத் தாங்கும் ஹப்பில் உட்காராமல் நட்டுகளில் தொங்கும், வேகம் எடுத்தால் ஸ்டீயரிங் உதறும், ஓட்டை சிறிதாக இருந்தால் மாட்டவே முடியாது. நட்டின் அடிப்பக்கமும் முக்கியம், கூம்பு நட்டு வேறு, உருண்டை நட்டு வேறு, வாஷரோடு தட்டையாக உட்காரும் நட்டு வேறு. பழைய ஸ்டீல் வீலின் நட்டையே புது அலாயில் போட்டு முறுக்கினால் இறுகியது போலத் தோன்றும், ஓடும்போது தளரும். கூம்பு நட்டு சரியாக உட்கார்ந்திருந்தால் ஓட்டையின் சுவரில் சுற்றிலும் ஒரே அகலத்தில் பளபளவென்று ஒரு வளையம் பதியும், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த வீலை மாட்டாதீர்கள். மாட்டிய பிறகு முதல் 50, 100 கி.மீ. ஓட்டியதும் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஆஃப்செட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரையோடு வந்த படத்தில் நாலு வீலும் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றன. ஆஃப்செட் என்பது வீல் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் வீல் ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம், அது 30 மி.மீ.-லிருந்து பூஜ்யத்துக்கு வந்தால் அதே அகல வீல் ஒவ்வொரு பக்கமும் 30 மி.மீ. வெளியே வரும். சேறும் கல்லும் கதவிலும் கண்ணாடியிலும் தெறிக்கும், வீல் பேரிங்கில் பாரம் கூடும், ஸ்டீயரிங் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையில் இழுக்கும், திருப்பும்போது டயர் மட்கார்டின் மூலையில் முட்டும். கம்பெனி ஆஃப்செட்டிலிருந்து அதிகம் விலகாமல் இருப்பது நல்லது, ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகடு வைத்து வெளியே தள்ளுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒன்று. டயரின் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு எண்களைப் பாருங்கள், 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பல வருடம் கிடங்கில் கிடந்த டயரைப் புது விலைக்கு வாங்காதீர்கள். இந்த எண் சில டயர்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும், மாட்டிய பிறகு வண்டிக்கடியில் தலையை விட்டுத் தேடுவதைவிட மாட்டும் முன்பே பார்த்துவிடுவது சுலபம்.

அடுத்த பகுதியில் சஸ்பென்ஷனை உயர்த்துவது பற்றி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது எந்த விட்டத்தில் டயர் போடப்போகிறோம் என்பதைப் பொறுத்தது, சிலருக்கு உயர்த்தவே வேண்டியிருக்காது. அதனால் அந்தப் பகுதிக்கு முன்னால் டயர் விட்டம், பார எண், ஆஃப்செட் இந்த மூன்றையும் விளக்கி ஒரு திருத்தம் வெளியிடுங்கள், அந்தப் படத்துக்குப் பதில் மட்கார்டுக்குள் ஒழுங்காக அடங்கிய வீல் உள்ள படத்தைப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கள் வாசகர்