இரவு ரோந்து: பாடி கேமரா மாட்டுபவர்கள் கவனத்துக்கு

வேளச்சேரி ரோந்துக் குழுவினருக்கு வணக்கம்.

கேமராவைச் சட்டைப் பாக்கெட்டில் சொருகாதீர்கள். நடக்க நடக்க ஆடும், எதிரில் இருப்பவர் முகம் கலங்கித்தான் பதியும். நெஞ்சு நடுவில் இறுக்கமான பட்டையில் மாட்டுங்கள். கிளம்பும் முன் தேதி, நேரத்தைப் போனோடு ஒப்பிட்டுச் சரி செய்யுங்கள்.

வீடியோ பதிவுத் தரத்தை விநாடிக்கு 12 மெகாபிட் என வைத்தால், கார்டில் மணிக்கு 5.4 ஜிபி ஆகும். கார்டு நிறைந்ததும் லூப் ரெக்கார்டிங் பழையதை அழித்துவிடும். அதனால் சம்பவம் முடிந்த கையோடு அந்தப் பதிவு அழியாமல் காக்கும் லாக் பட்டனை அழுத்தி, கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றி வையுங்கள். இதை மட்டும் மறக்கவே வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, ஹாஷ் எண் (கோப்பின் கைரேகை போன்ற அடையாள எண்) மாறிவிடும். வீடியோவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்கும்போது இணைக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்), 2023, 63ஆம் பிரிவுச் சான்றிதழில் மூலக் கோப்பின் ஹாஷ் எண்ணைத்தான் எழுத வேண்டும். மூலக் கார்டு பத்திரம்!

அடுத்தவர் வீட்டு ஜன்னல், குழந்தைகள் பதிவானால் குழுவில் பகிரக்கூடாது. ஆபத்து என்றால் முதலில் 112, பிறகுதான் கேமரா.