என் இருதயத்தைக் காத்தவர்களுக்கு

12 ஆண்டுகளாக எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்துவரும் நான், கடந்த ஆடி மாதத்தில் ஓர் அதிகாலை கொட்டாஞ்சேனை வீட்டில் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தபோது, தமது முச்சக்கர வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டுபோய் அரச வைத்தியசாலையில் சேர்த்த அடுத்த வீட்டுத் தம்பிக்கு முதல் நன்றி.

அங்கு என்னென்ன மருந்துகள் எடுக்கிறீர்கள் என்று கேட்டதும் நான் எதையும் மறைக்கவில்லை. அந்தத் துணிவைத் தந்தவர், கொழும்பு 10, டி சேரம் பிளேசிலுள்ள எச்.ஐ.வி. சிகிச்சை நிலையத்தின் மருந்தாளர் அம்மையார். ஓராண்டுக்கு முன் கொலஸ்திரோலுக்காக ஒரு தனியார் மருத்துவரைப் பார்த்த நான், வெட்கத்தினால் என் நோயைச் சொல்லாமல் விட்டேன். அவரும் சிம்வாஸ்டட்டின் எழுதித் தந்தார். அந்தத் துண்டை என் கையில் கண்ட அம்மையார், ஒரு குளிசைகூட விழுங்க விடவில்லை. நான் அப்போது எடுத்துவந்த ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து, சிம்வாஸ்டட்டினைக் கல்லீரல் சிதைக்கவிடாமல் தடுத்துவிடும் என்பதையும், அதனால் அம்மருந்து இரத்தத்தில் பன்மடங்கு பெருகித் தசைகளை அழித்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும் என்பதையும் ஒரு தாளில் வரைந்தே விளக்கினார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அம்மா, அந்தத் தாள் இன்றும் என் பணப்பையில் இருக்கிறது.

விடுதியில் எனக்கிருந்த பெரிய பயம், எச்.ஐ.வி. மருந்துகளே இருதயத்தைக் கெடுத்துவிட்டனவோ என்பதுதான். அவற்றை நிறுத்திவிடவும் நினைத்தேன். என்னைப் பார்க்க வந்த வைத்திய நிபுணர் கட்டிலருகே அமர்ந்து, சில பழைய மருந்துகள் கொழுப்பைக் கூட்டுவது உண்மைதான் என்றும், ஆனால் சிகிச்சையை இடைநிறுத்தியவர்களுக்கே இருதய நோயும் மரணமும் அதிகமாயின என்பது 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் தெளிவானது என்றும் பொறுமையாகச் சொன்னார். வைரஸ் பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கினாலும், உடலின் எதிர்ப்புச் சக்தி முழுதாக ஓய்வதில்லை; அந்த ஓயாத அழற்சி இரத்தக் குழாய்களின் சுவரை அரிக்கிறது; அதனால் மற்றவர்களைவிட எங்களுக்கு இருதய நோய்க்கான ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு. 2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில், எச்.ஐ.வி.யுடன் வாழும் 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேரில் பிட்டவாஸ்டட்டின் என்ற கொலஸ்திரோல் மருந்தை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன என்பதையும் அவர் வாயிலாகவே அறிந்தேன். அவருடைய ஒரே கோரிக்கைக்கு இணங்கிப் புகைத்தலை விட்டுவிட்டேன், ஐயா.

இரவுப் பணியிலிருந்த தாதி, அடுத்த கட்டில்காரருக்கு அணிந்த அதே வகைக் கையுறையை எனக்கும் அணிந்தார். என் நோயின் பெயரைப் பிறர் காதில் விழும்படி ஒருபோதும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்ட ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிது என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஆதலால் இங்கே எழுதுகிறேன்.

நாள்தோறும் உப்புக் குறைத்த கஞ்சி கொண்டுவந்த மாடிவீட்டு அக்கா, உங்கள் பிளாஸ்க்கைக் கழுவி வைத்திருக்கிறேன். படியேற வைத்தியர் அனுமதி தந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன்.