மொறிஸ் மைனருக்கு ஐந்தாவது கியர்

ஆசிரியருக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு இதழில் வந்த பழைய கார்கள் பற்றிய கட்டுரையில், கனடாவில் இருக்கும் நம்மவர் ஒருவர் தமது பழைய ஷெவ்ரலேயின் மூன்று கியர் ஓட்டோமற்றிக்கைக் கழற்றிவிட்டு, ஓவர்டிறைவ் உள்ள நாலு கியர் ஓட்டோமற்றிக்கைப் பூட்டிய விபரம் சுவையாகச் சொல்லப்பட்டிருந்தது. கடைசிப் பந்திதான் இடிக்கிறது. “இதே வேலையை இங்குள்ள மொறிஸ் மைனருக்கும் மூன்று நாளில் செய்யலாம், பெற்றோல் செலவு பாதியாகும்” என்கிறது அது. அதை நம்பி யாழ்ப்பாணத்தில் யாரும் இந்தச் சின்ன ஆங்கிலக் காரின் அடித்தளத்தில் வாள் வைக்குமுன் சில கணக்குகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஷெவ்ரலே. 5.7 லீற்றர், எட்டுச் சிலிண்டர் எஞ்சின். பழைய ரேர்போ 350 என்ற மூன்று கியர்ப் பெட்டியின் மேல் கியர் நேர் கியர், அதாவது 1.00: எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் வெளித்தண்டும் ஒரு சுற்று. 1982 முதல் வந்த 700ஆர்4 பெட்டியின் நாலாம் கியர் 0.70: எஞ்சினின் 0.70 சுற்றுக்கே தண்டு ஒரு சுற்று, இதுதான் ஓவர்டிறைவ். பின் அச்சு 3.73 ஆக (சில்லின் ஒரு சுற்றுக்குத் தண்டு இத்தனை சுற்று) இருந்தால் நெடுஞ்சாலையில் அது 2.61 போல வேலை செய்யும். முதல் கியரும் 2.52 இலிருந்து 3.06 ஆவதால் புறப்படும்போதும் இழுவை கூடுகிறது. அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு 1800 சுற்றிலும் இழுக்கச் சக்தி உண்டு, அதனால் அங்கே அது பலித்தது. புதிய பெட்டி பழையதைவிட ஏறத்தாழ மூன்று அங்குலம் நீளமானது என்பதால், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புறொப்பெலர் ஷாஃப்றைக் குறுக்க வேண்டும் என்று கட்டுரை சரியாகவே சொன்னது. ஆனால் காபரேற்றரிலிருந்து பெட்டிக்குப் போகும் ரி.வி. கேபிளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெட்டிக்குள் ஒயில் அமுக்கத்தைத் தீர்மானிப்பது அந்தக் கேபிள்தான். அக்சிலறேற்றரை முழுதாக மிதிக்கும்போது கேபிளும் முழுதாக இழுபட வேண்டும். காபரேற்றர் மாற்றிய காரில் நெம்பின் அளவு பொருந்தாவிட்டால் அமுக்கம் குறைந்து, உள்ளே கிளச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். புதிதாகக் கட்டிய பெட்டி ஓடத் தொடங்கிய கையோடு கெட்டுப்போவதற்கு வழக்கமான காரணம் இதுவே. வெளிநாட்டு உறவினருக்குக் கட்டுரையை அனுப்பியவர்கள் இந்த வரியையும் சேர்த்து அனுப்பவும்.

இனி மொறிஸ் மைனர். 1098 சி.சி. எஞ்சினின் வலு 48 குதிரை. அதன் இழுவை 2500 சுற்றில் உச்சம். பின் அச்சு 4.22. 145 அளவு றேடியல் ரயருடன் மணிக்கு 70 கிலோமீற்றரில், நாலாம் கியரில், எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2735 தடவை சுற்றும். கொறொல்லா டி.எக்ஸ். வாகனில் வந்த ரொயோட்டா கே50 போன்ற ஐந்து கியர் பெட்டியின் ஐந்தாம் கியர் ஏறத்தாழ 0.865. அதே வேகத்தில் சுற்று 2365 ஆகும். குறைவது நூற்றுக்குப் பதின்மூன்று. காரைக் காற்றுக்கு எதிராகத் தள்ளும் வேலையோ ஒரு துளியும் குறைவதில்லை. பெற்றோல் பாதியாவது எங்கிருந்து?

நகர எல்லைக்கு வெளியே கார்களுக்கு 70, ஊருக்குள் 50 என்பதுதான் எங்கள் வேக எல்லை. 60 இல் ஐந்தாம் கியர் போட்டால் எஞ்சின் 2030 சுற்றில் முனகும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஆனையிறவைத் தாண்டிப் பார்த்தால் கை தானாகவே நாலாம் கியருக்கு வந்துவிடும். கிளிநொச்சிக்கு அப்பால் வவுனியா வரை உள்ள நேர் ஓட்டத்தில் சத்தம் குறையும், அது உண்மை. கொழும்புக்கு அடிக்கடி போகிறவருக்கு அது பெரிய நன்மைதான். கல்வியங்காட்டிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வருகிற காருக்கு எதற்கு?

எதைத் தொடுவதற்கும் முன் நாலு சிலிண்டரின் கொம்பிறஷனையும், அதாவது உள்ளே ஏறும் அமுக்கத்தையும் பாருங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் இன்னும் இங்கே ஓடுகின்றன. எரியாத மண்ணெண்ணெய் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியதில் றிங் தேய்ந்தவை பல. சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தலுக்குக் கீழே நிற்கும் எஞ்சினுக்கு ஐந்தாம் கியர் வெறும் அலங்காரம்.

மைனரின் பழைய 948 சி.சி. வகையை வைத்திருப்பவர்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு. அந்தக் காரின் பின் அச்சு 4.55, கிரவுண் சில்லில் 41 பல், பினியனில் 9. 1098 காரின் டிஃபரன்ஷல் (பின் அச்சின் நடுவிலுள்ள இந்தப் பல்லுக் கூட்டு) 38க்கு 9. அது அப்படியே அச்சுக் கூட்டுக்குள் பொருந்தும். ஒயிலை வடித்து, பின் டிறம்களைக் கழற்றி, அரை அச்சுகள் இரண்டையும் சில அங்குலம் வெளியே இழுத்து, புறொப்பெலரை விடுவித்தால் டிஃபரன்ஷல் முன்பக்கமாக வந்துவிடும். ஒரு நாள் வேலை. 70 இல் சுற்று 2950 இலிருந்து 2735க்கு இறங்கும். அரை அச்சின் விளிம்பில் உள்ள ஓ-றிங்கையும் கடதாசிப் பாக்கிங்கையும் புதிதாகப் போடாவிட்டால் ஒயில் பிறேக் லைனிங்கில் ஊறிவிடும். பூட்டி முடிந்ததும் 90 ஒயில் 0.85 லீற்றர் விட வேண்டும். இன்னொன்று, ஸ்பீடோமீற்றர் கியர்பொக்ஸிலிருந்து ஓடுவதால் முள் 60 காட்டும்போது கார் 65 இல் போய்க்கொண்டிருக்கும். வீதியில் நிற்கும் பொலிஸாரின் கருவி முள்ளைப் பார்ப்பதில்லை.

எம்.ஜி. மிட்ஜெற்றின் 3.9 டிஃபரன்ஷல் கிடைத்தால் அதுவும் இதே கூட்டுக்குள் போகும். ஐந்தாம் கியரால் வரும் நன்மையில் பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும். இங்கே கிடைப்பதுதான் அரிது.

இதற்குப் பிறகும் ஐந்து கியர்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தடையில்லை. முதல் கியருக்கும் சின்க்றோ, அதாவது பல் உரசாமல் கியர் விழச் செய்யும் அமைப்பு, இருப்பதே ஒரு சுகம், மைனரின் பழைய பெட்டியில் அது இல்லை. பெட்டி வாங்கும்போது கிளச்சை மூடும் முன்கூடான பெல் ஹவுசிங் தனியாகக் கழருமா என்று பாருங்கள். கழராத பெட்டியை அறுத்து, மைனரின் பெல் ஹவுசிங்கோடு கண்ணளவில் ஒட்டித் தருவதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அலுமினிய வார்ப்பு சூட்டில் நெளியும். ஒட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் மையம் தவறியிருக்கும். எஞ்சினின் பின்தட்டுக்கும் ரொயோட்டா பெல் ஹவுசிங்குக்கும் நடுவே 10 அல்லது 12 மி.மீ. தட்டு ஒன்றைக் கடைசல் பட்டறையில் வெட்டி, இரு பக்கமும் இடம் பிசகாமல் பிடிக்கும் டவல் பின் வைத்துப் பொருத்துவதே சரியான முறை.

பொருத்தியபின் மையத்தை அளக்காமல் பெட்டியை ஏற்றக்கூடாது. நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜின் காந்த அடியைப் பிளைவீலில் ஒட்டி, கேஜின் முனையைப் பெல் ஹவுசிங்கின் நடுத்துளை உள்விளிம்பில் தொடவிடுங்கள். நாலு பிளக்கையும் கழற்றினால் கிராங் கையோடு சுற்றும். ஒரு முழுச் சுற்றில் முள் ஆகக் கீழே நின்ற இடத்துக்கும் ஆக மேலே நின்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் மையம் விலகிய தூரம். முள் மொத்தமாக 0.15 மி.மீ.க்குள் ஆடினால் நல்லது. 0.25 ஐத் தாண்டினால் டவலைக் கழற்றித் தட்டை நகர்த்தித் திரும்ப அளக்க வேண்டும். பிறகு முனையைப் பெல் ஹவுசிங்கின் முகத்தில் வைத்து இன்னொரு சுற்று. அப்போது கிராங்கை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடிக்காவிட்டால் அதன் முன்பின் ஆட்டமும் கணக்கில் சேர்ந்து ஏமாற்றிவிடும். இந்த அரைமணி வேலையைச் சோலி என்று விட்டால் உடனே ஒன்றும் தெரியாது. போகப் போக, பெட்டித் தண்டின் மூக்கைக் கிராங்கின் முனையில் தாங்கும் ஸ்பிகொட் புஷ் கோணலாகத் தேயும், கிளச் தட்டின் நடுப்பகுதி வெடிக்கும், இழுத்து ஓடும்போது கியர் தானாகக் கழன்று விழும். பழி “பழைய ரொயோட்டாப் பெட்டி” மேல் போகும்.

கிராங்கின் முனையில் உள்ள ஸ்பிகொட் புஷ்ஷை ரொயோட்டா ஷாஃப்றின் மூக்கு அளவுக்கு வெண்கலத்தில் புதிதாகக் கடைய வேண்டும். மூக்கு உள்ளே போய் அடியில் முட்டக்கூடாது, 3 மி.மீ. இடமாவது இருக்கட்டும். தட்டின் தடிப்பைத் தீர்மானிப்பதும் இந்த அளவுதான். கிளச் தட்டின் நடு, ரொயோட்டாப் பல்லுக்குப் பொருந்த வேண்டும். வெளிவட்டம் மைனரின் 7¼ அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மைனரின் கிளச் ஒயிலில் இயங்குவதல்ல, கம்பியும் நெம்பும்தான். கிளச்சைத் தள்ளும் புதிய போர்க் வேறிடத்தில் வருவதால் சின்ன ஒயில் சிலிண்டருக்கு மாறுவதே பெரும்பாலும் முடிவாக இருக்கும்.

கீழே அறுப்பதில் ஒரு எல்லை உண்டு. கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் கழற்றக்கூடியது, அதை மாற்றிச் செய்யலாம். ஸ்பிறிங்காக வேலை செய்யும் முன் ரோர்ஷன் பார்களின் பின்முனை பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தைத் தொடாதீர்கள். காரின் முன்பாரம் அதில்தான் நிற்கிறது. எங்கள் உப்புக் காற்றில் அது முதலே உக்கியிருக்கும், சுத்தியலால் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லும்.

புறொப்பெலரின் முன்பாதி ரொயோட்டா, பின்பாதி மொறிஸ். கார் சில்லில் நிற்க, ஆள் ஏறியிருக்க நீளத்தை அளந்து, பெட்டிக்குள் வழுக்கி ஓடும் பல்லுப் பகுதியான ஸ்பிளைனில் 20 முதல் 25 மி.மீ. ஓட்டம் விட்டு வெட்டுங்கள். இரு முனைக் காதுகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும். ஒட்டியபின் பலன்ஸ் பார்க்காவிட்டால் 60க்கு மேல் தரை அதிரும்.

ஸ்பீடோமீற்றருக்கு, கேபிளின் உள்கம்பியில் ஒரு கடதாசி முள்ளைக் குத்தி, காரை 20 மீற்றர் தள்ளிச் சுற்றுகளை எண்ணுங்கள். எண்ணிக்கையை 80.5 ஆல் பெருக்கினால் ஒரு மைலுக்கான சுற்று வரும். மைலில் குறித்த பழைய ஸ்மித்ஸ் மீற்றரின் முகத்தில் சின்ன எழுத்தில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு பிழை என்று தெரிந்துவிடும். ஒயிலும் மாறும். மைனரின் பழைய பெட்டிக்கு எஞ்சின் ஒயில், ரொயோட்டாப் பெட்டிக்கு 75-90 கியர் ஒயில்.

கட்டுரையில் வந்த “பாதியாகும்” என்ற சொல்லுக்கும் “மூன்று நாள்” என்ற கணக்குக்கும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
பழைய மோட்டார் கார் வேலை செய்வோர் இருவர்,
கோண்டாவில்.