தம்பியின் மகன் குறித்து நண்பனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தது எங்கள் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். இங்கே நாங்கள் சுகம். பெரும்போக வெட்டு தொடங்கிவிட்டதால் ஊரில் ஆள் பிடிப்பதுதான் பாடு.

உன் தம்பியின் மகனைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். குரல் கேட்பது நின்றுவிட்டது, சந்தேகமும் குறைந்துவிட்டது, ஆனாலும் புத்தகத்தை விரித்தால் பத்து வரி தாண்டுகிறான் இல்லை, கடைக்கு அனுப்பினால் மூன்று சாமானில் ஒன்றை மறந்து வருகிறான், தகப்பன் சோம்பேறி என்று நினைத்து “பஞ்சி பிடிச்சவன்” என்று ஏசுகிறார் என்று எழுதியிருக்கிறாய். மனநல வார்டில் தாதியாக வேலை செய்த காலம் முழுக்க இதே முறைப்பாட்டைத்தான் குடும்பங்களிடம் கேட்டேன். தம்பியிடம் முதலில் இதைச் சொல்லு: அது பஞ்சி இல்லை, நோயின் ஒரு பகுதி. சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்கிற, வீண் சந்தேகம் வருகிற இந்த மனநோய், வருகிற பிள்ளைகள் பலருக்குக் கவனமும் ஞாபகமும், கேட்டதை விளங்கிக்கொள்ளும் வேகமும் குரல் கேட்கத் தொடங்கும் முன்பே தளர்ந்திருக்கும். மருந்து குரலை அடக்கும். இந்தத் தளர்ச்சியை அது பெரிதாக மாற்றாது. பேய் பிசாசு என்று நினைத்துக் கழிப்புச் சடங்கு செய்து, நூல் கட்டி, பிறகு கிளினிக்குக்கு வந்து, குரல் அடங்கியதும் “எல்லாம் முடிந்தது” என்று வீட்டார் ஆறுகிற நேரத்தில்தான் பொடியன் படிப்பில் சறுக்கத் தொடங்குகிறான். அப்போது விழுகிற ஏச்சு அவனை இன்னும் மூலைக்குள் தள்ளும்.

கனடாவில் இருந்து காசு அனுப்பி வாங்கச் சொன்ன மூளைப் பயிற்சி ஆப் நல்லதா என்று கேட்டாய். அந்த வகைப் பயிற்சிக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் மெலிசா ஃபிஷர், சோபியா வினோகிராடோவ் குழுவினர் நோய் தொடங்கிக் கொஞ்சக் காலமே ஆன 86 இளையோருக்கு மடிக்கணினி கொடுத்து வீட்டிலேயே செய்யவிட்டார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் 40 மணித்தியாலம் காதுக்கான பயிற்சி செய்தார்கள், மற்றவர்கள் சாதாரணக் கணினி விளையாட்டு விளையாடினார்கள். பயிற்சி இப்படி: ஒரு ஒலி மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல ஒலி வேகமாகும், பிழைத்தால் இலகுவாகும். அப்புறம் ஒன்றுபோலக் கேட்கிற அசைகள், பிறகு சின்னக் கதை கேட்டு விவரம் சொல்லுதல். காதில் விழுவது மங்கலாகப் பதிந்தால் ஞாபகமும் மங்கும், ஆகவே அடியில் இருந்து திருத்த வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பயிற்சி செய்தவர்களுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் திறன் கூடியது, சிக்கலை யோசித்துத் தீர்ப்பதும் கூடியது. அன்றாட வாழ்க்கை மட்டும் அந்த அளவுக்கு மாறவில்லை.

2021இல் அந்தோனியோ வீட்டா என்ற இத்தாலிய வைத்தியரும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட பயிற்சிகள் பற்றிய 130 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எப்படிச் செய்தால் பலன் கூடும் என்பது கொஞ்சம் தெளிந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்து நடத்தினால், எப்படி யோசிப்பது என்ற உத்தியையும் சொல்லிக் கொடுத்தால், வேலைக்கோ படிப்புக்கோ திரும்புகிற புனர்வாழ்வோடு சேர்த்துச் செய்தால் பலன் கூடுகிறது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆங்கில ஒலிகளை வைத்துச் செய்த ஆப்பை வாங்கி, பொடியனைத் தனி அறையில் ஃபோனோடு விட்டால், காசும் போய் நம்பிக்கையும் போகும். அந்தக் காசை வைத்திருக்கச் சொல்லு.

வீட்டில் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை. சொன்னதை அவன் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். கடைக்குப் போகுமுன் சாமான்களைத் தானே எழுதட்டும், வந்த பிறகு எது விட்டது, ஏன் விட்டது என்று அவனோடு இருந்து கதைக்க வேண்டும். ஏ.எல். பாடம் என்றால் அரை மணித்தியாலம் படித்து, ஒரு நடை நடந்து, மறுபடி அரை மணித்தியாலம். முடிகிற அளவில் தொடங்கி மெல்லக் கூட்டு.

இன்னொன்று, நான் கண்ணால் கண்டது. ஒரு ஊரில் இப்படி ஒரு பொடியனை கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கிழமைக் கூத்து என்கிற ஒத்திகைக்குக் கூப்பிட்டு, சல்லரி என்ற தாளத்தைக் கையில் கொடுத்து, பின்னால் நின்று பாடுகிற பிற்பாட்டில் நிறுத்தினார். அண்ணாவியார் பாடுவதைக் காதால் பிடிக்க வேண்டும், மத்தளத்தோடு நிற்க வேண்டும், எங்கே எடுப்பது என்று கவனிக்க வேண்டும். பிழைத்தால் மறுபடி. கவனத்துக்கும் நினைவுக்கும் அதில் வேலை இருந்தது, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், ஊரில் அவனுக்கு ஓர் இடமும் கிடைத்தது. நித்திரை குலைந்தால் நோய் கிளம்பும் என்பதால் பத்து மணிக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், விடிய விடிய ஆடுகிற அரங்கேற்றத்துக்கும் அதே கட்டுப்பாடுதான். எனக்கு அந்த அண்ணாவியார் மேல் பெரிய மரியாதை.

அடுத்த கிளினிக் நாளில் தம்பியோடு நீயும் போ, மருந்துகளையும் கொண்டுபோ. நடுக்கம், இறுக்கம் வராமல் இருக்கக் கொடுக்கும் பென்ஸெக்சோல் அவற்றில் இருந்தால், அது இன்னும் தேவையா என்று வைத்தியரிடம் கேள். அந்தக் குளிசை ஞாபகத்தை மங்க வைக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பகல் முழுக்கத் தூக்கமாக இருக்கிறான் என்றால் அதையும் சொல்லுங்கள். அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பார்க்க வழி இருக்கிறதா என்றும் கேட்டுவை.

வைத்தியர் என்ன சொன்னார் என்று எழுது. பொடியனுக்குக் கூத்தில் நாட்டம் இல்லாவிட்டால் எதில் நாட்டம் என்று அவனிடமே கேட்டு அதையும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்