சின்ன குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் நடத்துற நிர்வாகிகளுக்கு

வணக்கங்க,

மாசம் ஒருக்கா சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புறீங்க, சரிதான், அது நிக்கவே கூடாது. ஆனா ரிப்போர்ட் வர்றதுக்குள்ள அந்தத் தண்ணிய சனங்க குடிச்சே முடிச்சிருப்பாங்க. அதான் கேக்குறேன், தண்ணி சுத்தமாகிட்டு இருக்கும்போதே ஆப்பரேட்டர் அங்கயே நின்னு பாத்துக்குற மாதிரி நாலு சாமான் வாங்கிக் குடுங்க.

நெறய எடத்துல டிடிஎஸ் மீட்டர் ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு தண்ணி நல்லாருக்குன்றாங்க. அது கரைஞ்சிருக்குற உப்போட அளவைத்தாங்க காட்டும், கிருமி இருந்தா அதுக்குத் தெரியவே தெரியாது.

கலங்கல் பாக்க டர்பிடிட்டி டியூப் இருக்கு, அடியில குறி போட்ட நீளமான குழாய், தண்ணிய ஊத்திக்கிட்டே வந்து குறி மறையுற எடத்துல அளவு படிக்கணும். ஆனா 5 என்டியு-க்கு (கலங்கல அளக்குற அலகு) கீழ அதுல தெரியாது, குளோரின் போடுறதுக்கு முன்னாடி 1-க்குக் கீழ இருந்தாத்தான் நல்லது, அதனால ஃபில்டர்ல இருந்து வர்ற தண்ணிக்கு மட்டும் டிஜிட்டல் மீட்டர் வாங்கிடுங்க, அதுல கஞ்சத்தனம் வேணாம். பேக்வாஷ் பண்ணி, அதாவது ஃபில்டர்ல தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டுக் கழுவி, திரும்ப ஓட விட்டதும் கொஞ்ச நேரம் கலங்கல் ஏறும், மாசம் ஒரு சாம்பிள்ல அதெல்லாம் எங்க மாட்டப் போகுது! கலங்கல் தெளிய படிகாரம் எவ்ளோ போடலாம்னு பாக்க அஞ்சாறு கண்ணாடி ஜாடியே போதும், ஒவ்வொண்ணுலயும் ஒரு அளவு போட்டு கலக்கி விட்டு எது நல்லா தெளியுதுன்னு பாக்கலாம்.

குளோரின் அளவு பாக்க டிபிடி மாத்திரையும் (குளோரின் இருந்தா தண்ணிய பிங்க் ஆக்கும்) கலர் ஒப்பிடுற டப்பாவும் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, பிஎச் (தண்ணியோட அமில-காரத் தன்மை) 8-க்குக் கீழ இருக்கணும், போட்டு 30 நிமிஷம் கழிச்சும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிஞ்சணும், வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 0.2-க்குக் குறையக் கூடாது. பிஎச் ஏற ஏற குளோரினோட வேகம் கொறஞ்சுடும், அதனால அதையும் சேத்தே பாக்கணும். இன்னொண்ணு, குளோரின் ரொம்ப ஜாஸ்தியானா அந்த பிங்க் கலர் வெளுத்துப்போய் குளோரினே இல்லாத மாதிரி காட்டும், விவரம் தெரியாதவங்க மேல மேல கொட்டிடுவாங்க. சந்தேகமா இருந்தா சாம்பிள்ல குளோரின் இல்லாத சுத்தமான தண்ணி கலந்து மறுபடி பாக்கச் சொல்லிக் குடுங்க.

ஒரு நிலையத்துல நோட்டைப் புரட்டிப் பாத்தேன், மூணு மாசமும் குளோரின் அளவு 0.5, 0.5-ன்னே இருந்துச்சு. கொறச்சலா எழுதினா திட்டு விழுதாம், அதனால அளக்காமலே எழுதிடுறாங்க. தயவுசெஞ்சு மோசமான அளவு எழுதினவர திட்டாதீங்க. அளவு சரியில்லன்னா யாரையும் கேக்காம வால்வ மூடலாம்னு ஆப்பரேட்டருக்கு எழுத்துலயே குடுத்துடுங்க.